எதிர்க்கரை இன்னொரு மாவட்டம்

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பத்தெட்டு நிமிடம். கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்தின் நடைமேடையில் வசந்தி அக்கா ஒரு கையில் தேநீர்க் குடுவையும் மறு கையில் மீன் வைத்த பணிஸ் ரொட்டியும் பொரித்த றோல்ஸும் அடைத்த பெட்டியுமாக எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று பலகை சொன்னது. ‘‘இவங்கட இருபது நாப்பதாகும். இருங்கோ’’ என்றார். நாற்பது ஆயிற்று.

ஓராண்டு ஜெர்மன் இலக்கியம் படிக்க வந்த நான், அக்காவின் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். அவர் முதியோர் இல்லமொன்றில் செவிலியர். நகரத்துக் குடும்பங்கள் கோடை முழுவதையும் ஏரிக்கரை ஊர்களில் கழித்த பழைய வழக்கத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊர் ஒன்றையாவது நேரில் பார்த்து வரும்படி பேராசிரியர் சொல்லியிருந்தார். பெர்லினுக்கு அப்பால் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஓர் ஊரைத் தேர்ந்து, அதன் பெயரை ஒருநாள் மாலை சமையலறையில் சொன்னேன். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா பெட்டியை அணைத்து வைத்தார். ‘‘நானும் வாறன்’’ என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மிகச் சிறிய ஊர். பெயரைச் சொன்னால், நான் எழுதப்போகும் மனிதரை யாரும் ஒரு பிற்பகலில் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு வத்தலக்குண்டு. எங்கள் பேருந்து நிலையத்தில் கம்பளிக் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து நிற்பவர்கள் எல்லாரும் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள். மலைமேல் வெள்ளைக்காரர்கள் தமக்கென்று ஓர் ஏரியைக் கட்டி, படகு விட்டு, பங்களா எழுப்பியதைப் பள்ளிச் சுற்றுலாவில் ஆண்டுதோறும் ஒப்பித்தவள் நான். ஆகவே ஏரியும் விடுமுறையும் சேர்ந்த ஊர் எனக்குப் புதிதாக இராது என்று எண்ணியிருந்தேன்.

ரயிலில் அக்கா பெட்டியைத் திறந்ததும் எதிரே இருந்த முதியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். வாசனையைப் பற்றிக் குறை சொல்லப்போகிறார் என்று நான் கூச்சத்துடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா ஒரு றோல்ஸைக் காகிதத்தில் வைத்து அவரிடம் நீட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தின்றார். ஹனோவர் தாண்டியபோது, இன்னொன்று மிச்சமிருக்குமா என்று மிகுந்த மரியாதையுடன் விசாரித்தார். மிளகாயால் அவர் காது சிவந்திருந்தது.

பெர்லினில் இறங்கிச் சிறிய ரயிலுக்கு மாறினோம். அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை நடப்பதால் மீதித் தொலைவுக்குப் பேருந்து. அதன் ஓட்டுநருக்கு அந்தப் பகுதி புதிது. ஒவ்வொரு பிரிவிலும் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பயணிகளிடம் வலமா இடமா என்று கேட்டார். பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இடப்பக்கக் கட்சி வென்றது. பைன் மரங்களுக்கிடையில் ஏரி தெரிந்ததும் ‘‘வந்துவிட்டோம்’’ என்று அறிவித்து எங்களை இறக்கிவிட்டார். பேருந்து போன பிறகே, நாங்கள் போகவேண்டிய ஊர் தண்ணீருக்கு அப்பால் இருக்கிறதென்று தெரிந்தது. வெள்ளை மாளிகைகள், பச்சைக் கூரையுள்ள ஒரு கோபுரம், நீண்ட மரப் படகுத்துறை எல்லாம் எதிரே வரிசையாக நின்றன.

நாணலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. நான் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை.

‘‘இந்தப் பக்கம் நான் நிக்கக் கூடாது, பிள்ளை’’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த ஊர்ப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் கதையைச் சொன்னார். 1992-இல் அவருக்குப் பத்தொன்பது வயது. இலங்கையிலிருந்து அகதியாக வந்திறங்கியவரை, அந்த ஏரிக்கரையில் ஆளற்றுக் கிடந்த ஒரு விடுமுறை இல்லத்தில் அரசாங்கம் தங்கவைத்தது. தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாதென்பது அன்றைய சட்டம். போகவேண்டுமானால் ‘ஆன்ட்ராக்’ என்ற விண்ணப்பம் கொடுத்து, அலுவலகம் தரும் நாளுக்குக் காத்திருக்கவேண்டும். அவருடன் ஒரே அறையில் இருந்தவர் பருத்தித்துறையைச் சேர்ந்த தவம் என்ற பெண். தவத்தின் தம்பி, நாங்கள் இப்போது நின்றிருந்த கரைக்குப் பின்னாலிருந்த வேறொரு விடுதியில் இருந்தான். நேரே பார்த்தால் கூரை தெரியும். ஆனால் அது வேறு மாவட்டம்.

‘‘றோட்டிலதான் எல்லை எண்டு நினைச்சம். தண்ணிக்குள்ளயும் கோடு போட்டு வச்சிருக்கிறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?’’

துறையில் படகு வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். விடுதிப் பெண்கள் மாலையில் அங்கே போய் நிற்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே ஒரு படகை அவிழ்த்துக் கொடுத்து, ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று விரலால் காட்டினார். இருவரும் வலித்து அக்கரை சேர்ந்தார்கள். தம்பியைக் கண்டு அரைமணி நேரம் பேசினார்கள். படகுக்குத் திரும்பி நடக்கும் வழியில் காவலர்கள் தாள்களைக் கேட்டார்கள். அன்றிரவு காவல் நிலையத்தில் இருந்தார்கள். விடுதியை ஏற்கெனவே காலிசெய்துகொண்டிருந்ததால் மறுநாளே இருவரையும் தொலைவிலுள்ள வேறோர் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உடைமைகள் பிளாஸ்டிக் பைகளில் பின்னால் வந்தன. படகு நாணலிலேயே கிடந்தது.

‘‘ஆர் வள்ளம் தந்தது எண்டு பொலிஸ் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். நான் சொல்லேல்லை. கரையில சும்மா கிடந்தது, எடுத்தம் எண்டன். அந்த மனிசனுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெண்டு’’ என்றவர், தொடர்ந்து, ‘‘உயிரோட இருந்தால் அதை அந்தாளுக்குச் சொல்ல வேணும். வள்ளத்தைக் களவெடுத்துக்கொண்டு ஓடினவளுகள் எண்டு நினைச்சிருப்பார்’’ என்றார்.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

நாங்கள் தங்கிய விடுதியின் அம்மாள் அறைச் சாவியுடன் ஆளுக்கொரு விருந்தினர் அட்டையும் தந்தார். ஊரில் இரவு தங்குகிற எவருக்கும் அது உண்டு. அதைக் காட்டினால் பேருந்தில் இலவசமாகப் போகலாம். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையை வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்து என்னிடம் தந்தார். ‘இரு மாவட்டங்களிலும் செல்லும்’ என்று அச்சிட்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புளிப்பும் காரமும் உள்ள ஒரு சூப் கொடுத்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்து, கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் இப்பக்கத்துச் சாப்பாடாகவே ஆகிப்போனது அது. ஊறுகாய் வெள்ளரிக்காயும் தொத்திறைச்சித் துண்டும் எலுமிச்சையும் மிதந்தன. அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, அந்நாளைய அகதி விடுதிச் சமையற்காரி வெள்ளிக்கிழமைதோறும் தந்தது இதுதான் என்றார். அப்போது இறைச்சியைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, கூட மிளகாய்த்தூள் போட்டுச் சோற்றில் ரசம்போல் ஊற்றிச் சாப்பிட்டார்களாம். இப்போது கிண்ணத்தைக் காலிசெய்து இன்னொரு கிண்ணம் கேட்டார்.

சனிக்கிழமை காலை கரையோரமாக நடந்தோம். ஏரியும் விடுமுறையும் எனக்குப் புதிதல்ல என்ற எண்ணம் அங்கே கலைந்தது. கொடைக்கானலில் எந்த வீட்டிலும் ஒரே ஒரு காலம்தான் குடியிருக்கும். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து காலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. மீனவர்கள் இருபது குடும்பம் வாழ்ந்த இடத்துக்கு ரயில் வந்தது. ரயிலோடு பெர்லினின் வக்கீல்களும் துணி வணிகர்களும் வந்தார்கள். மரச் சரிகைபோல் செதுக்கிய தாழ்வாரங்களும் ஆளுக்கொரு படகுத்துறையும் கட்டிக்கொண்டார்கள். பெண்களும் ஆண்களும் தனித்தனியே குளிக்கப் பலகைத் தடுப்பு எழுந்தது. ஒரு மாளிகையின் வாசல் நடைபாதையில் உள்ளங்கையளவு பித்தளைக் கற்கள் நான்கு பதித்திருந்தன. அந்த வீட்டிலிருந்து நாஜிகள் இழுத்துச் சென்ற யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கடைசிக் கல் ஒரு குழந்தையுடையது. அக்கா குனிந்து, கைக்குட்டையால் அதன்மேலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

போருக்குப் பின் மாளிகைகளை அரசு எடுத்துக்கொண்டது. தொழிற்சங்கம் பக்கத்திலேயே நான்கு மாடி விடுமுறை இல்லம் ஒன்றை எழுப்பியது. ஆலைத் தொழிலாளிகள் முறைவைத்து வந்து பதின்மூன்று நாள் தங்கி, இரண்டு பந்தியாகச் சாப்பிட்டுப் போனார்கள். பெர்லின் சுவர் விழுந்த ஆண்டுக்குப் பின் யாரும் வரவில்லை; எல்லாருக்கும் இத்தாலி பார்க்க ஆசை. இந்த விவரங்களை ஊரின் பழைய அஞ்சலகத்தில் உள்ள சிறு அருங்காட்சியகத்தில் படித்தேன். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டுமே அது திறந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியையான ஃப்ராவ் கெல்னர் அதைச் சம்பளமின்றிப் பார்த்துக்கொள்கிறார். பெயருக்கு முன்னாலுள்ள ‘ஃப்ராவ்’ என்பது நம் ‘திருமதி’ போன்றது; ஆண்களுக்கு ‘ஹெர்’.

சுவரில் ஊரின் வரலாறு பலகை பலகையாக நடந்து வந்து, 1990-இல் நின்று, எட்டு ஆண்டு தாவி, அதே இல்லம் அடுக்குமாடிக் குடியிருப்பான கதையில் தொடர்ந்தது. இடையில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கட்டடம் காலியாக இருந்தது என்றார் ஃப்ராவ் கெல்னர்.

‘‘ஆமாம், காலியாகத்தான் இருந்தது’’ என்று அக்கா ஜெர்மனில் சொன்னார். ‘‘எங்கள் அறையில் ஆறு பேர்.’’

ஃப்ராவ் கெல்னரின் கழுத்து சிவந்தது. உங்களை உட்காரவைக்காமல் பேசிவிட்டேன் என்று சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டார், புளிச்செர்ரிப் பழம் பதித்த கேக்கை வெட்டினார், பென்சிலைத் தேடினார். எந்த ஆண்டு, எந்த மாடி, தோட்டத்தில் கத்தரிக்காய் பயிரிட்டவர்கள் நீங்கள்தாமா என்றெல்லாம் கேட்டார். நாங்கள்தாம், ஆனால் காய்க்கவில்லை என்றார் அக்கா. கிளம்பும்போது, படகு வாடகைக்கு விட்ட மனிதரைப் பற்றி அக்கா விசாரித்தார்.

‘‘ஹெர் பிரான்டா? துறையில்தான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. மகன் போதும் என்கிறான், இவர் கேட்பதில்லை.’’

துறை ஐந்து நிமிட நடை. நாங்கள் அதை முக்கால் மணி நேரத்தில் கடந்தோம். வழியிலிருந்த கடையொன்றில் அக்கா தமக்கு வேண்டாத அஞ்சலட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு மரத்தடியில் நின்று, சொல்லவேண்டிய வாக்கியத்தை என்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இருபது ஆண்டுக்கு மேலாக ஜெர்மனில் மருத்துவர்களுடன் வாதாடும் பெண், அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு இடம் தடுமாறினார்.

ஹெர் பிரான்ட் மரக் கொட்டகையின் பலகை ஜன்னலுக்குப் பின்னால் நின்று துடுப்பு ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உயரமானவர், காதில் கேட்புக் கருவி. அக்கா ஜன்னலுக்கு முன் போய் நின்று சொன்னார்: ‘‘1992-இல் நீங்கள் எங்களுக்கு ஒரு படகு தந்தீர்கள். நாங்கள் திருப்பித் தரவில்லை. காவலர்கள் எவ்வளவு கேட்டும் உங்கள் பெயரை நான் சொல்லவில்லை.’’

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். கோபமா, மறதியா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

‘‘செருப்பு யாருடையது?’’ என்று கேட்டார்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, ‘‘நீலம் என்னுடையது. பழுப்பு மற்றவளுடையது’’ என்றார்.

அவர் உள்ளே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

நடந்ததை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. படகு வரவில்லை. மோட்டார் படகை எடுத்துக்கொண்டு போனவர், அக்கரை நாணலில் ஆளில்லாமல் மிதந்த படகைக் கண்டார். உள்ளே இரண்டு சோடிச் செருப்பு, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்திருந்தது. இறங்கும்போது சேற்றில் நனையாமலிருக்க அக்காவும் தவமும் கழற்றி வைத்தவை அவை. வெறுங்காலுடன் கரையேறுவது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. இந்த நாட்டிலோ, தண்ணீரோரம் ஒழுங்காகக் கழற்றி வைத்த செருப்புக்கு வேறு பொருள். விடியும்வரை விளக்குடன் நாணல் முழுவதும் தேடியிருக்கிறார். காலையில் விடுதிக்குப் போனார். இரண்டு கட்டில் காலி. அதற்குமேல் தகவல் தர இயலாது என்றார் காப்பாளர். காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லவும் அஞ்சினார். பெண்கள் உயிருடன் அக்கரை போயிருந்தால், தாமே அவர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே என்ற அச்சம். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் போனார். அப்படி யாரும் மூழ்கியதாகப் பதிவு இல்லை என்றார்கள். அவர்கள் கையில் இருந்ததோ, படகு கரையில் சும்மா கிடந்தது என்ற வாக்குமூலம். அதற்கும் இவருக்கும் தொடர்பிருப்பதாக யாருக்கும் தெரியாது.

‘‘நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்றுதான் பெரும்பாலான நாள் நினைத்தேன்’’ என்றார் ஹெர் பிரான்ட். ‘‘பெரும்பாலான நாள்.’’

அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘‘மற்றவர்?’’ என்று கேட்டார் அவர்.

அக்கா கைப்பேசியை எடுத்து, வுப்பர்டால் நகரில் இருக்கும் தவத்தைக் காணொளியில் அழைத்தார். திரையில் முதலில் கூரையும் பிறகு ஒரு சட்டியும் தெரிந்தன. ‘‘என்னடி, கோழி அடுப்பில கிடக்கு, பிறகு எடுக்கட்டோ’’ என்று தவத்தின் குரல் வந்தது. ‘‘கோழியை விடு. இஞ்ச ஆர் நிக்கிறது எண்டு பார்’’ என்று அக்கா கைப்பேசியை ஜன்னலுக்குள் நீட்டினார். கண்ணாடியில் ஆவி படிந்த ஒரு முகம் திரையை நெருங்கிப் பார்த்தது. பார்த்து, ஜெர்மனுக்கு மாறியது.

‘‘படகுக்காரரா? நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?’’

‘‘அது நான் கேட்கவேண்டிய கேள்வி’’ என்றார் ஹெர் பிரான்ட். சொல்லிவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். தவம் அங்கே என்ன ஏதென்று தெரியாமல், தம்பி கனடாவில் இருப்பதையும் அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்பதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்போது ஓர் இளம் தம்பதி மிதிபடகு கேட்டு வந்தார்கள். ஹெர் பிரான்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தடித்த குறிப்பேடு ஒன்றை அவர்கள் பக்கம் திருப்பினார். பெயர், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் என்று கோடு போட்டிருந்தது. நான்காவதாக ஒரு பத்தி இருந்தது: ‘யாருக்குத் தெரிவிக்கவேண்டும்’. அரைமணி நேரத்துக்கு இதெல்லாம் தேவையா என்று அந்த இளைஞன் சிரித்தான். எழுதாமல் படகு கிடையாது என்றார் அவர். இளைஞன் தன் அம்மாவின் எண்ணை எழுதினான்.

அவர்கள் போனபின், அந்தப் பத்தி எப்போதிலிருந்து என்று அக்கா கேட்டார்.

‘‘அந்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து’’ என்றார்.

அறைக்குத் திரும்பும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்வது அதுவே முதல்முறை.

‘‘நான் அந்தாளைக் காப்பாத்தினன் எண்டெல்லோ பிள்ளை இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்’’ என்றார்.

கையை விடாமல் நடந்தேன். அன்று மாலை ஹெர் பிரான்ட் புகையூட்டிய மீன் இரண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு எங்கள் விடுதிக்கு வந்தார். அக்காவும் அவரும் தோட்டத்து மேசையில் உட்கார்ந்து, முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி, அந்நாளைய விடுதிக் காப்பாளரைச் சுவையாகத் திட்டினார்கள். மீனுக்கு மிளகாய்த்தூள் வேண்டும் என்றார் அக்கா. அவரும் போட்டுப் பார்த்து, மேசையில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அக்கா தூங்கிக்கொண்டிருக்கும்போதே, நான் தனியாகத் துறைக்குப் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது; அதைச் சொன்னதும் ஹெர் பிரான்ட் மிதவைச் சட்டையின் வாரை இரண்டு துளை இறுக்கிக் கட்டிவிட்டுக் குறிப்பேட்டைத் திருப்பினார். பெயரை எழுதினேன். புறப்பாடு 7.40, திரும்புதல் 8.10. நான்காம் பத்தியில் ‘வசந்தி அக்கா’ என்று எழுதி எண்ணைக் குறித்தேன். ‘அக்கா’ என்பது குடும்பப் பெயரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு படகில் ஏறி, கரையைவிட்டு அதிகம் விலகாமல், இரண்டு முறை துடுப்பு நழுவி ஒரு வட்டமடித்தேன். எட்டு மணிக்கே திரும்பிக் கயிற்றை அவரிடம் எறிந்தேன். அவர் உள்ளே போய், என் பெயரின் குறுக்கே அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.